உறங்கும் நரம்பை எழுப்பும் மின்சாரம்

நடக்க வேண்டும் என்று நினைத்தவுடன் நம் கால் நடக்கிறது. அது எவ்வாறு நிகழ்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மூளையின் கட்டளை மெல்லிய மின் துடிப்புகளாகப் புறப்பட்டு, முதுகெலும்பினுள் இருக்கும் தண்டுவடத்தின் வழியே இறங்கி, நரம்புகள் மூலம் தசைகளை அடைகிறது. தண்டுவடம் சுண்டுவிரல் பருமனே உள்ளது. விபத்தில் அது நசுங்கினால், தந்திக் கம்பி அறுந்த ஊரைப்போல் கால்கள் செய்தியற்றுப் போகின்றன. உழைப்பற்ற தசைகளும் நாளடைவில் மெலிகின்றன.

இத்தகையோருக்கு மின்சாரம் எவ்வாறு உதவுகிறது? இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்ட இத்தாலிய விஞ்ஞானி கால்வானி, அதனை 1791-இல் நூலாக வெளியிட்டார். அந்த உண்மையே இச்சிகிச்சைக்கு அடிப்படை. தோலின்மீது சிறு பட்டைகளை ஒட்டி, அளவான மின்சாரம் செலுத்தினால் தசைகள் சுருங்கும். இம்முறையில் காலுணர்வற்றவரும் நிலையாகப் பொருத்திய சைக்கிளை மிதிக்கலாம், தசைகள் வலுப்பெறும்.

மற்றொரு முறையில், அறுவைச் சிகிச்சை மூலம் தண்டுவட உறையின்மீது மின்முனைகளைப் பொருத்துகின்றனர். அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கார் மோதிக் கால்கள் செயலிழந்த ஓர் இளைஞர், மின்தூண்டலின்போது தம் உடற்பாரத்தைத் தாமே தாங்கிச் சில நிமிடங்கள் நின்றார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், ஜோஸ்லின் பிளாக் என்னும் பெண் அறுவை மருத்துவரும் விஞ்ஞானி கூர்ட்டீனும் தம் குழுவினருடன், ஒவ்வோர் அடிக்கும் ஏற்ற நொடியில் மின்சாரம் செலுத்தினர். அதன் பயனாக மூவர் ஊன்றுகோல் முதலிய துணையுடன் நடந்ததை 2018-இல் அறிவித்தனர்.

மாணவிகளே, ஒன்றை மறவாதீர்கள். மின்சாரம் அறுந்த நரம்பை ஒட்டவைப்பதில்லை. எஞ்சியுள்ள நரம்புகளை விழிப்படையச் செய்கிறது. பலன் எல்லோருக்கும் ஒன்றாயிராது. வலி தெரியாத தோலில் புண் உண்டாகலாம். ஆகவே தேர்ந்த மருத்துவரின்றி இதைச் செய்தல் ஆகாது. மேற்கூறிய இளைஞர் மின்முனை பொருத்தப்படுவதற்கு முன்பே இரண்டாண்டுகளுக்கு மேல் பயிற்சி செய்தவர். கருவி கைகொடுக்கும்; விடாமுயற்சியை மனிதரே தர வேண்டும்.

விபத்தில் முதுகோ கழுத்தோ அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்கிப் புரட்டாதீர்கள். உதவி வரும்வரை அசையாமல் காத்திடுங்கள். ஒரு தண்டுவடத்தைக் காப்பதற்கு ஈடான சிகிச்சை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.