கட்சிக்காரர் கையில் நாட்டின் ரகசியம்

குடிமையியல் பாடத்தில் முதலமைச்சர் வருவார், ஆளுநர் வருவார். உளவுத்துறைத் தலைவர் மட்டும் வரவே மாட்டார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நண்பர்களே, நம்ம புதுச்சேரிக்கு ஒற்றர் கதை புதுசு இல்ல. 1908-ல் பாரதியார் இங்கே வந்தார். பிரெஞ்சு மண்ணுக்குள் நுழைஞ்சு கைது பண்ண முடியாத வெள்ளைக்கார அரசு, ரகசியப் போலீசை அனுப்பி அவரையும் அரவிந்தரையும் வ.வே.சு. ஐயரையும் கண்காணிச்சது. அந்த ஆட்சி வளர்த்த உளவு அமைப்புதான் இன்றைய ஐ.பி.க்கு வேர். சுதந்திர இந்தியாவில் அதன் முதல் தலைவர் சென்னை மாகாணப் போலீஸ் அதிகாரி சஞ்சீவி பிள்ளை. வெளிநாட்டு உளவுக்கான 'ரா' 1968-ல் வந்தது. இரண்டுக்கும் அதிகாரிகள்தான் தலைவர்கள், அரசியல்வாதிகள் இல்லை.

ஆனா இவங்க கொண்டு வரும் செய்தியெல்லாம் போய்ச் சேரும் இடம் ஒண்ணு இருக்கு. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவி. 1998 நவம்பரில் அதில் முதலில் உட்கார்ந்தவர் பிரஜேஷ் மிஸ்ரா. இவர் அப்பா துவாரகா பிரசாத் மிஸ்ரா, மத்தியப் பிரதேசத்தின் காங்கிரஸ் முதலமைச்சர். மகன் வெளியுறவு அதிகாரியா இருந்து ஓய்வு பெற்று, 1991-ல் பா.ஜ.க.வில் சேர்ந்தார்! 1998 மார்ச்சில் கட்சியை விட்டு விலகி, பிரதமர் வாஜ்பாயின் முதன்மைச் செயலாளர் ஆனார். மே மாதம் பொக்ரான் அணுகுண்டு சோதனை. அடுத்த வருஷம் கார்கில் போர்.

போருக்குப் பிறகு ஆராய்ந்த குழுவின் தலைவர் திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியம். ஆலோசகர் வேலைக்கு முழுநேர ஆள் வேணும்னு அந்தக் குழு சொன்னது. ஆனாலும் 2004 வரை மிஸ்ரா ரெண்டு நாற்காலியிலும் இருந்தார்.

இது சரியா? கட்சியில் இருந்தவர் என்பது எனக்குப் பெரிய குறையாத் தெரியல. எல்லாச் செய்தியும் ஒரே மேசையில் போய்ச் சேர்வதுதான் பயமா இருக்கு. ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார்க்கணும் என்று வள்ளுவரே 'ஒற்றாடல்' அதிகாரத்தில் சொல்லியிருக்கார். (தேர்வுக்கும் உதவும், படிச்சு வைங்க.)

அமெரிக்காவில் அரசியல்வாதியே நேரா உளவுத் தலைவர் ஆகலாம். 1976-ல் சி.ஐ.ஏ. தலைவரான ஜார்ஜ் புஷ், அதுக்கு முன்னாடி குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவர். எதிர்க்கட்சி சும்மா விடல. அந்த வருஷத் தேர்தலில் புஷ்ஷைத் துணை அதிபர் வேட்பாளர் ஆக்க மாட்டேன்னு அதிபர் ஃபோர்டு உறுதி கொடுத்த பிறகுதான் செனட் சம்மதிச்சது. 2025 பிப்ரவரியில் துளசி கப்பார்டு 18 உளவு அமைப்புகளுக்கும் மேலான தேசிய உளவுத்துறை இயக்குநர் ஆனார். முன்னாள் எம்.பி.; ஜனநாயகக் கட்சியில் இருந்து குடியரசுக் கட்சிக்கு வந்தவர். செனட்டில் கேள்வி மேல் கேள்வி கேட்டாங்க. கடைசியில் ஆதரவு 52, எதிர்ப்பு 48.

நம்ம நாட்டில் இந்தப் பதவிகளுக்கு அப்படி நாடாளுமன்ற ஓட்டெடுப்பு கிடையாது. அரசு நியமித்தால் போதும்.