வெற்றிலைப் பையும் 21 நாள் கணக்கும்

ஹட்டன், நுவரெலியா பக்கம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இளைஞர்களுக்கும், லயங்களுக்கு வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் இதை எழுதுகிறேன். மக்களை மாற்றத்தான் பாடுபடுகிறீர்கள். ஆனால் சில தவறான நம்பிக்கைகள் உங்கள் உழைப்பை வீணாக்குகின்றன.

நம்பிக்கை: மலை ஏறி இறங்குகிறவர்களுக்குப் பழக்கம் மாற்றுவதெல்லாம் எதற்கு?

கால் உழைக்கிறது, உண்மைதான். அதற்காகச் சீனியும் உப்பும் பாக்கும் உடம்பை விட்டுவைப்பதில்லை. பெரட்டுக்குப் போகுமுன் கோதுமை மா ரொட்டி, கூடவே சாயத் தண்ணி. பலர் சீனியை உள்ளங்கையில் வைத்துத் தொட்டுக்கொண்டு குடிக்கிறார்கள். கோப்பைக்கு 2 தேக்கரண்டி என்றால் 5 கோப்பைக்கு 40 கிராமுக்குக் குறையாது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம்பிக்கை: பயம் காட்டினால்தான் திருந்துவார்கள்.

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. "வெத்தல போடாதீங்க, வாயில புற்று வரும்" என்று கொழுந்து எடுக்கும் ஒரு அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். தலையை ஆட்டுவார். அடுத்த முறை உங்களைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

மாறாக இப்படிக் கேளுங்கள்: "எந்த நேரத்துல அக்கா ரொம்பத் தேடுது?"

"மழையில நனைஞ்சு நிக்கிறப்ப தம்பி. வாய் சும்மா இருந்தா குளிரும் பசியும் தாங்க முடியல."

பசிதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. "அந்த நேரத்துக்கு வேற என்ன கொண்டு போகலாம்?" என்று அடுத்து கேட்டால், கடலை அவித்துக் கொண்டுபோகலாம் என்று அவரே சொல்லக்கூடும். நீங்கள் சொன்ன கடலையை மறந்துவிடுவார், தான் சொன்ன கடலையை மறக்கமாட்டார். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் குடிப் பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதத் தொடங்கிய பேச்சுமுறையின் சாரம் இதுதான்: மாறுவதற்கான காரணம் அவரவர் வாயிலிருந்தே வரவேண்டும். ஆபத்தை மறைக்கச் சொல்லவில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே உறுதிசெய்துவிட்டது. அதை ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள், போதும்.

நம்பிக்கை: 21 நாள் செய்தால் பழகிவிடும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியிட்ட கணக்கு வேறு. நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. 22ஆம் நாளும் ஒருவருக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி இறங்கவில்லையென்றால் அது அவருடைய குற்றமல்ல. இடையில் ஒரு நாள் தவறினால் எல்லாம் கெட்டுவிடும் என்பதையும் அந்த ஆய்வு மறுத்தது. கொழுந்து கூடுகிற மாதங்களில் எல்லாம் தவறத்தான் செய்யும். அப்போது திட்டாதீர்கள்; புதுப் பழக்கத்தை மாறாத ஒரு நேரத்தோடு முடிந்துவிடுங்கள். பெரட்டு அப்படி ஒரு நேரம், கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் நேரம் இன்னொன்று.

நம்பிக்கை: பக்கத்திலேயே பயிற்றுநர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில். சீனி வியாதியின் விளிம்பில் இருந்த 537 ஆண்களில் பாதிப் பேருக்கு மட்டும் அவரவர் நிலைக்கு ஏற்பக் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் போயின. 2 ஆண்டில் அவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது, மற்றவர்களில் 27. லயத்தில் இன்று கைப்பேசி இல்லாத வீடு அபூர்வம்.

கடைசியாக ஒன்று. 35 வயது தாண்டியவர்களுக்கு பிரஷரும் சீனியும் அரசாங்க நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆனாலும் தோட்டத்து ஆட்கள் போவதில்லை என்று குறைப்படுகிறோம். போனால் ஒரு நாள் பேர் விழாது, சம்பளம் போய்விடும். அதை அலட்சியம் என்று சொல்வது அநியாயம். பரிசோதனையை ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலேயே வைக்க முடியுமா என்று நிர்வாகத்திடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் போய்க் கேளுங்கள்.