இழுக்கும் வண்டியும் இழுபடும் பாரமும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் வண்டியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கோடை வந்துவிட்டால், டிராக்டரின் ஓசை கேட்டதும் கடலோரக் கிராமங்களில் காலிக் குடங்கள் வரிசையில் நின்றுவிடும். ஒரு சித்திரை மாதத்தில் எங்கள் ஊருக்கு வந்த வண்டி, தார்ச்சாலையை விட்டு மணற்பாதையில் இறங்கிய சிறிது தூரத்திலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டக் கூட்டப் பின்சக்கரங்கள் மணலைத் தோண்டினவேயன்றி வண்டி நகரவில்லை. ஓடி வந்தவர்கள் குடங்களில் பிடித்தது போக, எஞ்சிய தண்ணீரையெல்லாம் மணலில் திறந்துவிட்ட பின்னரே வண்டி வெளியேறியது. "என்ஜினுக்குச் சக்தி போதவில்லை" என்றார்கள் பெரியவர்கள். அது உண்மையா? இயற்பியல் கொண்டு ஆராய்வோம்.

1. பாரம் எவ்வளவு?

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். தொட்டி 4,000 லிட்டர் கொள்வது என்றும், வெறும் டிரெய்லரின் எடை 1,500 கிலோகிராம் என்றும் கொள்வோம். மொத்தம் 5,500 கிலோகிராம். டிராக்டரின் எடை 2,000 எனில், இரண்டும் சேர்ந்து 7,500 கிலோகிராம் ஆகின்றன.

2. என்ஜினின் சக்தி

சமமான தார்ச்சாலையில் சக்கரம் உருள்வதற்கான தடை, எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு எனலாம். அதாவது 150 கிலோகிராம் விசை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 11 குதிரைத்திறன் போதும். முப்பதுக்கு ஒன்று என்ற ஏற்றம் வந்தால் 7,500-இல் முப்பதில் ஒரு பங்கான 250 கிலோகிராம் கூடுகிறது. மொத்தத் தடை 400. தேவை 30 குதிரைத்திறன். 35 குதிரைத்திறன் டிராக்டர் இங்குத் திணறும். ஆனால் கியரைக் குறைத்து 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 15 குதிரைத்திறனே போதும். ஆகவே சக்தி குறைந்தால் வேகம் குறையுமேயன்றி வண்டி நின்றுவிடாது.

3. சக்கரத்தின் பிடிப்பு

எங்கள் ஊர் வண்டி ஏன் நின்றது? விடை என்ஜினில் இல்லை, மண்ணில் இருக்கிறது. டிராக்டரின் பின்சக்கரங்கள் 1,300 கிலோகிராம் தாங்குவதாகக் கொண்டால், உலர்ந்த தார்ச்சாலையில் அதன் பத்தில் ஏழு பங்கு, அதாவது 910 கிலோகிராம் வரை பிடிப்புக் கிடைக்கும். இளமணலில் பத்தில் நான்கு பங்கே கிடைப்பதாகக் கொண்டால் 520 தான். உருளும் தடையோ அங்கு நூற்றுக்கு இருபதாக உயர்ந்துவிடுகிறது. டிரெய்லருக்கு 1,100, டிராக்டரின் முன்சக்கரங்களுக்கு 140. ஆக 1,240 கிலோகிராம். 520-ஐக் கொண்டு 1,240-ஐ எவ்வாறு வெல்வது? நூறு குதிரைத்திறன் என்ஜினைப் பொருத்தினாலும் சக்கரம் இன்னும் ஆழமாகப் புதையுமேயன்றி வேறு பயனில்லை. தொட்டி காலியானதும் தடை 440 ஆகக் குறைந்தது, வண்டி நகர்ந்தது. கணக்கும் அனுபவமும் ஒத்துப்போவதைக் காண்க.

நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப்புகள் மணலில் செல்ல வல்லவையாக இருப்பதும் இதனாலேயே. வண்டியின் முழு எடையும் அங்கே பிடிப்பாக மாறுகிறது.

4. நிறுத்தும் ஆற்றல்

இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் 2.345 கிலோமீட்டர் நீளமுடையது. கப்பல்கள் கீழே செல்வதற்காக நடுவில் உயர்ந்து நிற்பது. இத்தகைய பாலத்தில் ஏறியவன் இறங்கியாக வேண்டும். முப்பதுக்கு ஒன்று இறக்கத்தில் 250 கிலோகிராம் முன்னே தள்ள, 150 தடுக்கிறது. மிஞ்சும் 100 கிலோகிராம் வண்டியை உந்துகிறது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால், அரை நிமிடத்தில் வேகம் 20-இலிருந்து 34 ஆகிவிடும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் பிரேக்கின் சுமை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், பின்னால் வரும் பாரம் டிராக்டரைப் பக்கவாட்டில் தள்ளி மடக்கிவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் கூறுவது இதனால்தான்.

பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைபாய்ந்து வண்டியைக் குலுக்கும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் அமைப்பது இதற்காகவே.

5. கொக்கியின் இடம்

மேலைநாடுகளில் பிக்கப் வண்டியின் பின்னால் வீடு போன்ற டிரெய்லரைப் பூட்டிச் சுற்றுலா செல்வார்கள். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு உற்பத்தியாளர் ஓர் உச்சவரம்பு விதிக்கிறார். அதிலிருந்து வண்டி, பயணிகள், மூட்டை முடிச்சுகள் ஆகியவற்றின் எடையைக் கழித்தால் எஞ்சுவதே இழுக்கத்தக்க பாரம். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மீது அமர வேண்டும் என்பதும் அவர்கள் வழக்கம். குறைந்தால் டிரெய்லர் ஆடும். மிகுந்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்ப, திருப்பும் பிடிப்புப் போய்விடும். டிராக்டரில் கொக்கியை அச்சுக்கு மேலே பூட்டி இழுப்பது ஆபத்தானது. டிராக்டரே பின்புறமாகக் கவிழ்ந்துவிடக்கூடும்.

முடிவுரை

மணலில் எங்கள் வண்டி இழுக்கத்தக்க மொத்த பாரம் 1,900 கிலோகிராம் தான். டிரெய்லர் எடை போகத் தண்ணீர் 400 லிட்டர்! இதற்காகப் பெரிய டிராக்டர் தேட வேண்டியதில்லை. வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்தி, நீண்ட குழாயை ஊருக்குள் இழுத்துவிட்டால் போதும். நாம் வகுப்பில் கற்கும் உராய்வுப் பாடம், ஒரு கிராமத்தின் ஒருநாள் தண்ணீரைக் காப்பாற்றும் எனில், அதைத் தேர்வோடு மறந்துவிடலாமா, நண்பர்களே?