பட்டணத்தில் வீடு பார்க்கப் போகிறீர்களா?



வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஓர் ஆடு வாங்குவதென்றால் பல்லைப் பார்க்கிறோம், முதுகைத் தடவுகிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். பிள்ளைக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும், ஒரு ஞாயிறு பகலில் போய் புரோக்கர் காட்டிய வீட்டுக்கு அரை மணி நேரத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மாலை பஸ்ஸில் கூட்டு ரோட்டில் வந்து இறங்கிவிடுகிறோம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். 2015 டிசம்பர் 1 இரவு, மழை வெள்ளத்தோடு செம்பரம்பாக்கம் ஏரி நீரும் சேர்ந்து அடையாறு பெருகியபோது, சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் கரையோரக் குடும்பங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. தென்சென்னையின் மழைநீர் தேங்கி நின்று கடலுக்குப் போகும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டதால் தண்ணீருக்கு இடம் குறைந்துவிட்டது.

தெருவின் பெயரில் ஏரி, தாங்கல், லேக் என்று இருந்தால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். அதற்காகப் பெயரை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது, தி.நகரே 1920களில் ஓர் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர்தான். கேட்க வேண்டியது வீட்டுக்காரரிடம் அல்ல, இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேன் தண்ணீர் போடும் பையனிடமும். "இங்கே தண்ணீர் வருமா?" என்றால் "வராது" என்றுதான் பதில் வரும். "2015-லும் 2023-லும் எதுவரை வந்தது?" என்று கேட்டால் கையால் உயரம் காட்டுவார்கள். சுவரில் புதுப் பெயின்டுக்குக் கீழே ஈரக்கோடு தெரிகிறதா, தரைத்தளத்தில் கரண்ட் மீட்டர் பெட்டியை உயரே தூக்கி மாட்டியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

அடுத்தது இரவு. இஷாவுக்குப் பிறகு பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை நீங்களே நடந்து பாருங்கள். டாஸ்மாக் கடை இரவு 10 மணிவரை திறந்திருக்கும். அது வழியில் இருந்தால் அந்த நேரத்தில் போனால்தான் நிலைமை தெரியும். தெருவிளக்கு எரிகிறதா? மளிகைக் கடையோ மருந்துக் கடையோ திறந்திருக்கிறதா? பெண்கள் தனியாக நடந்து போகிறார்களா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகப்போவது மகள் என்றால் அவளையும் அழைத்துப் போங்கள். அத்தாவின் கண்ணுக்குச் சரியாகப் படும் தெரு அவளுக்கு அப்படிப் படாமல் போகலாம். 112, 181 இரண்டு எண்களும் அவள் போனில் இருக்கட்டும்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டதும் "வீடு இல்லை" என்ற பதில் நம்மில் பலர் கேட்டதுதான். அந்தச் சலிப்பில், பள்ளிவாசல் பக்கத்தில் இருந்தால் போதும் என்று எந்த வீட்டையும் எடுத்துவிடுகிறோம். பாங்கு கேட்கும் தெருவிலும் வெள்ளம் வரும். இன்னொரு பக்கம், அங்கே குடியிருப்பவர்கள் யார் என்பதை மட்டும் வைத்து ஒரு தெருவை "மோசமான ஏரியா" என்று நாமும் ஒதுக்குகிறோம். நமக்கு வலித்தது அவர்களுக்கும் வலிக்கும்தானே.

அந்தப் பகுதி ஜமாஅத்தில் விசாரிப்பது நல்லது. வீடு பார்க்கப் போகிறவர்கள் ஒரு வாரம் முன்பே ஜும்ஆ முடிந்து நம் அலுவலகத்தில் சொன்னால், சென்னையில் இருக்கும் நம்மூர்க்காரர்களிடம் பேசி வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.