தூத்துக்குடியில் சாப்பிட நேரம் பார்த்துப் போங்கள்: 14 குறிப்புகள்

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் தூத்துக்குடி. கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இந்த ஊர்ல எதையும் அதது நேரத்துக்குத்தான் சாப்பிடணும்மா.” படகு கரைக்கு வரும் நேரம், பரோட்டாக் கல் காயும் நேரம், பேக்கரி அடுப்பு தணியும் நேரம். இந்த மூன்றும் தெரியாமல், திருச்செந்தூர் போகிற வழியில் மதியம் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு, “தூத்துக்குடியில அப்படி என்ன இருக்கு?” என்று கேட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஒரு பகலும் ஓர் இரவும் ஒதுக்கி வாருங்கள். அதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. பதநீரை வெயில் ஏறுவதற்குள் குடித்துவிடுங்கள். மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி வரைக்கும் திருச்செந்தூர் சாலையோரம் கிடைக்கும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவதால்தான் பதநீர் புளிக்காமல் இனிப்பாக இருக்கிறது. ஆனாலும் நேரம் ஆக ஆக அந்த ருசி இறங்கிவிடும். நுரை அதிகமாக இருந்து, முகர்ந்தால் புளிப்பு வாடை வந்தால் வாங்காதீர்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கேளுங்கள். இரண்டு நுங்கை வழித்துப் போட்டுத் தந்தால் காலை ஆகாரமே முடிந்தது.

2. காலையில் இட்லி, பூரி என்று எல்லா ஊரிலும் கிடைப்பதில் வயிற்றை நிரப்ப வேண்டாம். மதியத்துக்கு இடம் வையுங்கள்.

3. மீன் பெயரைத் தெரிந்துகொண்டு சாப்பிட உட்காருங்கள். சென்னையில் வஞ்சிரம் என்பது இங்கே சீலா. சென்னைக்காரர்கள் சீலா என்று சொல்லும் மீனுக்கு இங்கே ஊளி என்று பெயர். மத்தி என்று கேட்டால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். சாளை என்று கேளுங்கள். பெயர் மாறினால் விலையும் மாறும், ருசியும் மாறும்.

4. மதியச் சாப்பாட்டுக்கு எந்த ஓட்டல் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். ஓட்டல் பெயரைவிட, உள்ளே போனதும் நீங்கள் கேட்கும் கேள்வி முக்கியம். “அண்ணாச்சி, இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?” என்று கேளுங்கள். பட்டியலைக் கடகடவென்று ஒப்பித்தால் யோசியுங்கள். “பாறையும் சாளையும் நல்லா இருக்கு, மத்தது வேண்டாம்” என்று சொல்கிற இடத்தில் தைரியமாக உட்காரலாம். சீலா வறுவலை மட்டுமே கேட்டு வாங்கிப் பழகியவர்கள் ஒருமுறை சாளைக் குழம்பைச் சாப்பிட்டுப் பாருங்கள். தேங்காய் அரைத்து, புளி கரைத்து, மாங்காய்க் காலத்தில் இரண்டு துண்டு மாங்காயும் போட்டு வைப்பார்கள். இந்த ஊரின் அசல் ருசி அதில்தான் இருக்கிறது, விலையும் குறைவு.

5. மீன் வாங்கிப்போக நினைப்பவர்களுக்கு இரண்டு நேரம் உண்டு. இந்த ஊர் விசைப்படகுகள் அதிகாலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போய் அன்று இரவு ஒன்பது மணிவாக்கில் கரை திரும்புபவை. அதனால் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் இரவில்தான் களைகட்டும். நாட்டுப்படகு மீன் வேண்டுமென்றால் திரேஸ்புரம். நாள்கணக்கில் கடலில் தங்கிப் பிடிக்கும் படகுகள் அங்கே சனிக்கிழமை கரை சேரும். அன்றைக்கு மீனும் அதிகம், கூட்டமும் அதிகம்.

6. திரேஸ்புரத்தில் மீன் விற்ற ஓர் அக்காவிடம்தான் நான் மீன் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நான் கண்ணை மட்டும் பார்த்துவிட்டு விலை கேட்டேன். “கண்ணு ஐஸ்ல கெடந்தாலும் கலங்கும்மா, செவுளத் தூக்கிப் பாரு” என்றவர், தானே ஒரு பாறையை எடுத்துச் செவுளை விரித்துக் காட்டினார். உள்ளே ஈரமாக, பளிச்சென்ற சிவப்பு. பக்கத்தில் கிடந்த இன்னொன்றை விரித்தார். காய்ந்த செங்கல் நிறம். “இது நேத்தைக்கு உள்ளது. இதை நான் உனக்குத் தரல” என்று தள்ளி வைத்தார். பிறகு என் விரலைப் பிடித்து மீனின் முதுகில் அழுத்தினார். குழி விழாமல் சதை உடனே எழும்பி வந்தது. செவுள், சதை, வாடை மூன்றையும் பாருங்கள். நல்ல மீனில் கடல் வாடைதான் இருக்கும், கவிச்சு இருக்காது.

7. ஊருக்குக் கொண்டுபோகும் மீனைக் குடல் நீக்கிக் கழுவி, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, அதன் பிறகு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் இட்டு வையுங்கள். ஐஸ் உருகிய தண்ணீரில் மீன் ஊறினால் சதை வெளுத்து ருசி போய்விடும். வீட்டுக்கு வந்ததும் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலசுங்கள். தூத்துக்குடிக்கு வந்து உப்பு வாங்காமல் போகலாமா? ஊரைச் சுற்றிலும் உப்பளம்தான். கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் கல்லுப்பே நல்லது.

8. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான் புதிதாகக் கிடைக்கும், விலையும் எகிறும். அந்த மாதங்களில் மலிவாகப் பெரிய சீலாத் துண்டு கிடைத்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மீன் இனப்பெருக்கத்துக்காக விடப்படும் காலம் இது. கருவாட்டுக் குழம்பு வைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

9. நாலு மணிக்கு ஒரு கருப்பட்டிக் காபி. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. கடைத்தெருவில் சுலபமாகக் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த பக்கம் சீனி மாதிரி மினுமினுத்தால் சர்க்கரை கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். வீட்டில் போடும்போது பலருக்கும் பால் திரிந்துவிடுகிறது. கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போடுவதுதான் காரணம். கருப்பட்டியைத் தனியாகத் தண்ணீரில் கரைய விட்டு, வடிகட்டி (அடியில் மண் நிற்கும், கட்டாயம் வடிகட்ட வேண்டும்), டிக்காஷனில் கலந்துகொள்ளுங்கள். பாலை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறிய பிறகு சேருங்கள். பால் இல்லாமல் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டால் அது இன்னும் விசேஷம்.

10. பொழுது சாயும் நேரத்தில் ரோச் பூங்கா பக்கமோ முத்துநகர் கடற்கரையிலோ உட்காருங்கள். சுண்டல் போதும், பஜ்ஜி வேண்டாம். இரவுக்குப் பசி வேண்டும். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பல்கள் கொழும்புக்குப் போனது இந்த ஊர்க் கரையிலிருந்துதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

11. இரவு ஏழு மணிக்கு மேல் ‘நைட் கிளப்’ போங்கள். பயப்பட வேண்டாம், பரோட்டாக் கடைக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. சாயங்காலம் திறந்து நள்ளிரவு வரை நடப்பதால் வந்த பெயர். குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம். கல்லுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். மாஸ்டர் மாவு உருண்டையை எண்ணெய்ப் பலகையில் வீசி, துணி மாதிரி மெல்லிசாக்கி, மடித்துச் சுற்றி வைப்பார். அது ஊறிய பிறகு தட்டிக் கல்லில் போடுவார். வெந்ததும் நாலைந்தை அடுக்கி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அடிப்பார். அந்த அடியில்தான் அடுக்கு அடுக்காகப் பிரியும். அடித்த கை எடுக்குமுன் இலைக்கு வரும் பரோட்டாவைத்தான் சாப்பிட வேண்டும். பிய்த்துப்போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். பாத்திரத்தில் அடுக்கி மூடி வைத்ததைத் தந்தால், “புதுசா போட்டுத் தாங்கண்ணே, காத்திருக்கேன்” என்று சொல்லுங்கள். மறுக்கமாட்டார்கள்.

12. பார்சல் வாங்குவதென்றால் சால்னாவுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். கொதிக்கிற எண்ணெயும் மசாலாவும் உள்ள குழம்பைப் பிளாஸ்டிக் பையில் வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஆறிய பரோட்டாவை இட்லிப் பானையில் இரண்டு நிமிடம் ஆவியில் வைத்தால் மெத்தென்று ஆகிவிடும்.

13. பனிமய மாதா திருவிழா ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும். அந்தப் பதினோரு நாளும் கடற்கரைச் சாலை ஜனக்கடலாக இருக்கும். பார்க்க வேண்டிய திருவிழாதான். ஆனால் சாப்பாட்டுக்கென்றே வருகிறவர்கள் வேறு நாளில் வாருங்கள்.

14. கடைசியாக மக்ரூன். இந்த ஊர் பேக்கரிகளின் பெருமை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போர்த்துக்கீசியர் வழியாக வந்த பண்டம் என்பார்கள். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்வது. இங்கே முந்திரிக்கு மாறியது. அந்த முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பொடி, இந்த மூன்றே சரக்கு. மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. வெள்ளைக்கருவை நுரை நிற்கும்வரை அடிக்க வேண்டும். ஒரு சொட்டு மஞ்சள்கரு விழுந்தாலும் நுரை எழும்பாது. பிறகு காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் சுழித்துச் சுழித்து நுனி வைத்துப் பிழிவார்கள். ரொட்டி சுட்டு முடித்து, விறகடுப்பின் சூடு தணிந்த பிறகுதான் தட்டுகள் உள்ளே போகும். இரவு முழுக்க அந்த மெல்லிய சூட்டிலேயே காய்ந்து, காலையில் வெளியே வரும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் நிறம் மாறிவிடும், உள்ளேயும் பிசுபிசுக்கும்.

வாங்கும்போது ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். மேல்தோடு மொறுக்கென்று உடைந்து, மென்று முடிக்குமுன் கரைந்து, கடைசியில் முந்திரி மட்டும் நாக்கில் நிற்க வேண்டும். வெறும் சீனிதான் நின்றால் முந்திரியைக் குறைத்திருக்கிறார்கள். விலை மலிவாக இருந்தால் அதற்கு இதுதான் காரணம். நல்ல முந்திரி போட்டது விலை கூடத்தான் செய்யும்.

மக்ரூனுக்கு எதிரி ஈரம். முதல் தடவை அம்மா வீட்டுக்கு வாங்கிப்போனபோது, மீன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஐஸின் குளிர்ச்சியில் வியர்த்து, விடிவதற்குள் அரைக்கிலோவும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. அம்மா ஸ்பூனால் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான்டி இருக்கு” என்றார். நன்றாக இருந்தபோது அதை அவருக்குக் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு இப்போதும் வருத்தம்தான். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஈரமில்லாத கையால் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாங்கினால் ஒன்றிரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

ஊர் திரும்பும் நாளில் எல்லாம் வாங்கி முடித்த பிறகு, ரயிலுக்குக் கிளம்பும்போது கடைசியாக மக்ரூன் வாங்குங்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரவில்தான் சென்னைக்குப் புறப்படும், அவசரமே இல்லை. பெட்டிகளுக்கு அடியில் திணித்துவிடாதீர்கள். நசுங்கினால் பொடிதான் மிஞ்சும். மேல்பையில் தனியாக வைத்து, மீன் பெட்டியை மட்டும் தள்ளி வையுங்கள்.