கற்றல் வீதம் கேட்டு எழுதிய தம்பிக்கு



மழைவீழ்ச்சியையும் காணியின் ஏக்கரையும் வைத்து நிந்தவூர் வயல்களின் பெரும்போக விளைச்சலை எதிர்வுகூறப் பார்க்கிறாய். படித்திறன் இறக்கத்தில் ஒவ்வொரு அடியின் அளவையும் தீர்மானிக்கும் கற்றல் வீதம் 0.01 என்றால் வழு வெடிக்கிறது, மிகவும் குறைத்தால் விடியும்வரை ஓடியும் அசைவில்லை என்கிறாய். எந்த எண் சரி என்று என்னிடம் கேட்காதே, உன் அட்டவணையிடம் கேள்.

வழு வர்க்கங்களின் இடைப்பெறுமானத்தில் பாதியை இழப்பாக எடு. ஒரே நிரல் என்றால், அந்த நிரலின் எண்களை வர்க்கித்து எடுத்த இடைதான் இழப்பின் வளைவு. 2ஐ அந்த வளைவால் வகு, அதுதான் வீதத்தின் வரம்பு. வீதம் அதைத் தாண்டினால் ஒவ்வொரு அடியும் இழப்பின் பள்ளத்தைக் கடந்து, முன்பு நின்றதைவிடத் தூரத்தில் போய் விழும். மழை 1000 மி.மீ. அளவில் இருந்தால் வளைவு பத்து இலட்சம், வரம்பு 0.000002. உன் 0.01 எங்கே, இது எங்கே! சரி, 0.000001 வைக்கிறாய். மழைப் பக்கம் சட்டென்று அடங்கும். ஏக்கர் நிரல் 2 அளவில்தான் இருக்கிறது, அதன் வளைவு 4. அந்தப் பக்கத்து வழு பாதியாகக் குறையவே 173,000 அடிக்குக் குறையாது. மழையை மீற்றரில் எழுதியிருந்தால் வளைவு 1தான்.

ஆகவே முதலில் ஒவ்வொரு நிரலிலும் இடையைக் கழித்து, நியம விலகலால் வகு. நிரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்கினால், அவற்றின் இணைபுத் தாயத்தின் மிகப்பெரிய ஐகன் பெறுமானத்தை வளைவாகக் கொள்.

உண்மையில், இரண்டு நிரலுக்கு அடியடியாக இறங்கவே தேவையில்லை, சமன்பாட்டை நேரே தீர்த்துவிடு. லெஜாந்தர் இழிவு வர்க்க முறையை அச்சிட்டது 1805இல், கோஷி படித்திறன் வழியே இறங்கும் முறையை எழுதியது 1847இல். இடையில் நாற்பது வருடங்களுக்கு மேலாக வானியலார் சும்மா இருக்கவில்லை, அடியடியாக இறங்காமலே அந்த முறையால் கணக்கிட்டார்கள்.

ஆழ் நரம்பு வலைக்குப் போனால் கதை வேறு. அங்கே வளைவு பயிற்சியோடு மாறும். ஆனாலும் அந்த வரம்பு தொலையவில்லை. தரவு முழுவதையும் ஒவ்வொரு அடிக்கும் எடுத்தால், மிகப்பெரிய வளைவு ஏறிக்கொண்டே போய், 2ஐ வீதத்தால் வகுத்த எண்ணருகே தங்கிவிடுவதை ஜெரமி கோஹன் குழு 2021இல் பல வலைகளில் காட்டியது. வலையின் வளைவே நீ வைத்த வீதத்துக்கு ஏற்ப அமைகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான். முன்கூட்டிக் கணக்கிட வழியில்லாததால், இழப்பு வெடிக்கும்வரை வீதத்தை இரட்டித்துப் பார், பிறகு சற்றுப் பின்வாங்கு. எல்லோரும் வைக்கும் 0.001, ஆடம் என்ற பயிற்சி முறையின் 2014 கட்டுரை பரிந்துரைத்த எண். ஆடம் ஒவ்வொரு நிறைக்கும் அடியைத் தானே அளவாக்கிக்கொள்ளும், வெறும் படித்திறன் இறக்கம் அப்படிச் செய்யாது. அந்த 0.001ஐ வெறும் இறக்கத்தில் கொண்டுவந்து ஒட்டாதே.

நிரல்களைச் சரிசெய்து ஒருமுறை ஓட்டிவிட்டு எழுது.