இரண்டு இணைப்பு, ஒரே சுரங்கம்

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு நிறுவனங்களிடம் தனித்தனியே ஃபைபர் இணைப்பு வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறாய். போதாது. விவரம் தெரிந்த பொறியாளர்களே போதும் என்று சொல்லிக் கேட்டு எனக்கு எரிச்சல் மண்டியிருக்கிறது, நீயும் ஆரம்பிக்காதே.

வளையமாக அமைத்த ஃபைபர் வலையில் ஒரு பக்கம் அறுந்தால் 50 மில்லி விநாடிக்குள் மறுபக்கம் மாறிவிடும் என்பதெல்லாம் நீ படித்ததுதான். அந்த மறுபக்கக் கேபிள் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

2001 ஜூலை 18. அமெரிக்காவின் பால்டிமோரில், ஹோவர்டு தெருவுக்கு அடியில் 19ஆம் நூற்றாண்டில் குடைந்த ரயில் சுரங்கம். உள்ளே 60 பெட்டிச் சரக்கு ரயில் தடம் புரண்டது. டேங்கரில் இருந்த டிரைபுரொப்பிலீன் கசிந்து தீப்பிடித்து, நாள்கணக்கில் எரிந்தது. மேலே சென்ற பெரிய குடிநீர்க் குழாயும் உடைந்தது. சுரங்கத்தின் வழியே போன ஃபைபர்கள் கருகின. அவை ஒருவருடையவை அல்ல. சந்தையில் முட்டி மோதும் பல நிறுவனங்களுடையவை. நாலு பேரிடம் பணம் கட்டியவரும் கடைசியில் வாங்கியது அந்த ஒரு சுரங்கத்தைத்தான்.

எல்லோரும் ஏன் அங்கே போய்க் குவிந்தார்கள்? ஃபைபரைவிடப் பள்ளம் தோண்டுவதற்குத்தான் செலவு. ரயில்பாதை ஓரம் என்றால் ஒரே உரிமையாளரிடம் அனுமதி வாங்கினால் போதும், நூற்றுக்கணக்கான மைல் கிடைக்கும். ஸ்பிரிண்ட் என்ற தொலைபேசி நிறுவனமே சதர்ன் பசிபிக் ரயில்வேயின் வயிற்றில் பிறந்ததுதான். 2015இல் அமெரிக்காவின் நெடுந்தூரக் கேபிள் தடங்களை வரைபடமாக்கிய ஆய்வில் 542 தடங்கள் தேறின. பத்தில் ஏறக்குறைய ஒன்பதை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிறுவனங்கள் பங்குபோட்டிருந்தன.

வலைகளின் உறுதியைப் பற்றிப் பால் பாரன் 1964இல் ராண்ட் ஆய்வு நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கைகளைத் தேடிப் படி. நான் கையில் எடுத்தால் சாப்பாடு ஆறிவிடும். தேவையான குறைந்தபட்ச இணைப்புகளைப்போல மூன்று, நான்கு மடங்கு இருந்தாலே வலை அசாத்திய உறுதி பெறும் என்று காட்டினார். எனக்கு ஒரு குறை உண்டு: ஒவ்வொரு கணுவும் தன்பாட்டுக்கு, மற்றதைச் சாராமல் அழியும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. சுரங்கத் தீக்கு அந்தக் கணக்குத் தெரியாது. 2006 டிசம்பர் 26இல் தைவானுக்குத் தெற்கே வந்த நிலநடுக்கத்துக்கும் தெரியவில்லை. கடலடிக் கேபிள்கள் பல ஒன்றாக அறுந்தன.

ஆகவே நிறுவனப் பெயர்களை எண்ணாதே. ஒவ்வொரு பள்ளம், பாலம், சுரங்கம், மேன்ஹோலுக்கும் ஓர் எண் கொடு. இரண்டு பாதைகளிலும் ஒரே எண் வந்தால் அவை ஒரே பாதைதான். வழித்தட வரைபடத்தைக் கேட்டு வாங்கு. சொல்லாமல் தடம் மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்திலும் எழுது. செலவைக் குறைக்கப் பின்னால் இரண்டையும் ஒரே குழாய்க்குள் தள்ளிவிடுவார்கள். சுவிட்சில் சிவப்பு விளக்கு எதுவும் எரியாது.

உன் கல்லூரிக்கு வரும் இரண்டு கேபிளும் எந்த மேன்ஹோலில் இறங்குகின்றன என்று பார்த்து எழுது. மூடியைத் திறக்கும்போது கூட ஆள் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பேராசிரியர்